பாலே ஷூ மாதிரி ஸ்லிப்பர் பின்னினேன், குதிகாலில் நிற்கவே மாட்டேன் என்கிறது. உதவி தேவை

நூல்கண்டு
அவசரம், யாராவது பாருங்கள். என்னிடம் சாதாரண வீட்டு ஸ்லிப்பர் பேட்டர்ன் ஒன்று இருக்கிறது, பாதம் முழுக்க மூடுகிற வகை. அதையே பாலே ஷூ மாதிரி விரல் பக்கம் மட்டும் மூடி, மேலே திறந்திருக்கும்படி மாற்றலாம் என்று முன்பக்கத்தைக் குறைத்துப் பின்னிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு அடி நடந்தால் குதிகால் கழன்று வருகிறது, ஓரம் எல்லாம் வாய் பிளந்து நிற்கிறது. எத்தனை கண்ணி குறைக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் பரிசாகக் கொடுக்க வேண்டும்.

ஊசிமுனை
என்ன நூல், எந்த ஊசி, பாதத்தின் நீளம் எவ்வளவு, சுற்றளவு எவ்வளவு? பேட்டர்ன் குதிகாலில் தொடங்குகிறதா, விரலிலா? தட்டையாகப் பின்னித் தைப்பதா, வட்டமாகப் பின்னுவதா? இதெல்லாம் தெரியாமல் எத்தனை கண்ணி என்று யாராலும் சொல்ல முடியாது.

கார்ட்டர்ராணி
ஊசிதான் பெரிது. ஒரு சைஸ் சின்ன ஊசியில் அப்படியே மறுபடி பின்னுங்கள். 4 மி.மீ. என்றால் 3.5. ஸ்லிப்பர் எப்போதுமே இறுக்கமாகத்தான் பின்ன வேண்டும், தளர்வாகப் பின்னினால் சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

மழைக்கம்பளி
அவிழ்க்கவே வேண்டாம். வெந்நீரில் சோப்பு போட்டு நன்றாகக் கசக்குங்கள், சுருங்கி ஃபெல்ட் ஆகிவிடும், அதாவது இழைகள் பிணைந்து கெட்டியாகிவிடும். நான் செய்வதெல்லாம் அப்படித்தான்.

பழையகை
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். ஸ்வாட்ச் (சின்ன மாதிரித் துண்டு) பின்னிக் கேஜ் (10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி) பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பேட்டர்ன் எழுதியவர் முதல் வரியில் கேஜ் கொடுத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் பாதிக் கேள்விகள் எழவே எழாது.

நூல்கண்டு
பிங்க் நூல். ஊசி 4 மி.மீ. தட்டையாகப் பின்னி, மடித்து, பின்னால் தைப்பது.

ஊசிமுனை
நிறம் இல்லைங்க, எதனால் ஆன நூல்? கம்பளியா, அக்ரிலிக்கா, காட்டனா?

நூல்கண்டு
லேபிளை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன். மெத்தென்று இருக்கிறது.

இரவுப்பின்னல்
சின்னத் துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணி மாதிரி சுருண்டால் அக்ரிலிக். காகிதம் எரிகிற வாடையும் சாம்பலும் என்றால் காட்டன். அப்படியே கட்டை விரலிலிருந்து குதிகால் வரை நீளத்தையும், பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவையும் எடுத்துப் போடுங்கள்.

நூல்கண்டு
காகித வாடைதான். நீளம் 24 செ.மீ., சுற்றளவு 22 செ.மீ. பேட்டர்னில் 40 கண்ணி போட்டு முழுக்க கார்ட்டர் (எல்லா வரிசையும் நேர்ப்பின்னல், மேடு மேடாக வரும்), கடைசியில் விரல் பக்கம் ரிப் (நேரும் மறுபுறமும் மாறி மாறி, இழுபட்டுச் சுருங்குகிற பின்னல்) பின்னி நூலைக் கோத்துச் சுருக்குவது. 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டிருக்கிறது. என்னுடையதை இப்போதுதான் அளந்தேன், 18 வருகிறது.

பழையகை
சொன்னேனா இல்லையா.

மழைக்கம்பளி
சரி, அப்படியானால் வெந்நீர் வேண்டாம்.

இரவுப்பின்னல்
நல்லவேளை. காட்டன் ஃபெல்ட் ஆகவே ஆகாது. சூப்பர்வாஷ் கம்பளியும் (மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்தியது) ஆகாது, அது நனைந்தால் இன்னும் பெரிதாகத்தான் போகும்.

ஊசிமுனை
இப்போது பேசலாம். கேஜ் ஒரு பாதிதான், ஊசியை மட்டும் மாற்றினால் வாய் பிளப்பது நிற்காது. உங்கள் 40 கண்ணி 22 செ.மீ. அகலம் வருகிறது, அதாவது பாதத்தின் சுற்றளவு அப்படியே. ஸ்லிப்பர் காலைப் பிடிக்க வேண்டுமானால் சுற்றளவில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும். பழைய பேட்டர்னில் மேலே மூடுகிற ரிப் பகுதிதான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், பிடிக்க வேறு எதுவும் வைக்கவில்லை.

இன்னொன்று. கார்ட்டர் ஸ்டிட்ச் உயரவாக்கில், அதாவது வரிசைகள் அடுக்குகிற திசையில், ரொம்ப இழுபடும். உங்கள் பேட்டர்னில் அந்தத் திசை பாதத்தின் நீளம். காட்டன் நூல் இழுபட்டால் கம்பளி மாதிரி திரும்பி வராது. அதனால்தான் போட்ட உடனே சரியாக இருந்து, நடக்க நடக்கக் கழல்கிறது. 24 செ.மீ. பாதத்துக்கு 22 செ.மீ. நீளத்துக்கு மேல் பின்னாதீர்கள்.

அகலத்துக்கு வருவோம். குதிகாலில் பக்கச் சுவர் உயரமாக இருப்பதால்தான் வெளியே சாய்கிறது. அடிப்பாகத்துக்கு 6, இரண்டு பக்கமும் 5, 5 என்று 16 செ.மீ. போதும். உங்கள் கேஜில் 28 கண்ணி. அதில் தொடங்கி, திறந்திருக்கும் 14 செ.மீ. நீளத்துக்குள் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டினால் 36 கண்ணி, அதாவது 20 செ.மீ. அப்புறம் மீதி 8 செ.மீ. விரல் மூடும் பகுதி. பின்தையலின் அடி நுனியைக் கூர்மையாக விடாமல் நடுவில் உள்ள சில கண்ணிகளை நூலில் கோத்துச் சுருக்கிவிடுங்கள், குதிகால் உருண்டையாக உட்காரும்.

கடைசியில் ஓரம். கார்ட்டரில் ஒரு மேட்டுக்கு ஒரு கண்ணி வீதம் எடுத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 50 சொச்சம் வரும். அடுத்த வரிசையில் 3 பின்னி, 2 சேர்த்துப் பின்னி என்று போனால் 40 சொச்சமாகக் குறையும். இன்னும் ஒரு வரிசை பின்னிக் காஸ்ட் ஆஃப், அதாவது கண்ணிகளை மூடி முடித்துவிடுங்கள். முடிந்தால் மெல்லிய எலாஸ்டிக் நூலையும் சேர்த்துப் பிடித்து அந்த ஓரத்தைப் பின்னுங்கள்.

கார்ட்டர்ராணி
3.5 ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

ஊசிமுனை
எடுக்கலாம், அப்போது கண்ணிக் கணக்கை மறுபடி போட வேண்டும். ஞாயிறு என்கிறார், விடுங்கள்.

சுழல்பாதம்
நான் பாலே ஆடுகிறவள். நிஜ ஷூவிலும் வாய் ஓரத்துக்குள் ஒரு கயிறு ஓடும், முன்னால் இழுத்து முடிச்சுப் போடுவோம். அது போதாமல் பாதத்தின் மேல் எலாஸ்டிக் பட்டை வேறு. எங்கே தைப்பது என்று தெரிய, குதிகாலை உள்பக்கமாக முன்னால் மடியுங்கள். மடிப்பு விழுகிற இடம்தான் பட்டைக்கு இடம். பின்னல் ஸ்லிப்பருக்கும் இது பொருந்தும். பட்டை இல்லாமல் வெறும் கண்ணிக் கணக்கில் காட்டனை நிறுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கார்ட்டர்ராணி
அடியில் சிலிக்கான் பொட்டு வைக்க மறக்காதீர்கள், வழவழப்பான தரையில் வழுக்கும்.

சுழல்பாதம்
ஆடுவதற்கென்றால் வைக்கவே கூடாது. சுழலும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டால் உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது. மெல்லிய ஸ்வேட் தோல் வெட்டித் தையுங்கள்.

கார்ட்டர்ராணி
யாருங்க பின்னல் ஸ்லிப்பரில் சுழலப் போகிறார்கள்? மாடிப்படியில் விழுந்தால் முழங்கால் மட்டுமா போகும்?

சுழல்பாதம்
தலைப்பில் பாலே என்று இருக்கிறதே.

மழைக்கம்பளி
பாலே மாதிரி என்றுதான் இருக்கிறது.

பழையகை
உண்மையில் பாலே மாதிரி என்றால் அடிப்பாகம் முன் பாதத்துக்கு ஒன்று, குதிகாலுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். நடுவில் தோல் இருக்கக் கூடாது. இங்கே யாருக்கும் தெரியாதது ஆச்சரியமாக இருக்கிறது.

சுழல்பாதம்
முழு அடிப்பாகம் வைத்த பாலே ஷூவும் உண்டு ஐயா, தொடங்குகிறவர்கள் பலர் அதைத்தான் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

பழையகை
நான் பின்னல் பற்றிப் பேசுகிறேன்.

இரவுப்பின்னல்
நீங்கள் தோல் பற்றித்தான் பேசினீர்கள். நூல்கண்டு, இது ஆடுபவருக்கா, வீட்டில் போடவா? அதைச் சொன்னால் இந்தச் சண்டை முடிந்துவிடும்.

மழைக்கம்பளி
ஆளையே காணோம்.

கார்ட்டர்ராணி
வீட்டுக்குத்தான். பந்தயம்.

நூல்கண்டு
28இல் தொடங்கிப் பின்னினேன். ஒரு கால் முடிந்துவிட்டது, கழலவில்லை. எலாஸ்டிக் நூல் கிடைக்கவில்லை, பட்டை மட்டும் தைத்தேன், குதிகாலை மடித்துப் பார்த்த இடத்திலேயே. வாய் ஓரம் முன்னால் மட்டும் கொஞ்சம் சுருங்கி நிற்கிறது, பரவாயில்லை. நன்றி எல்லோருக்கும், இன்னொரு கால் பாக்கி, ஓடுகிறேன்.

ஊசிமுனை
இரண்டாவதில் முன் ஓரத்தில் கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னாமல், பக்கங்களில் மட்டும் குறையுங்கள். சுருக்கம் போய்விடும்.

கார்ட்டர்ராணி
அடியில் என்ன வைத்தீர்கள்?