பேரப்பிள்ளைகளைச் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு அழைத்துச் செல்வது அலைக்கழிப்பதா?

சிராங்கூன் தாத்தா எழுதியது:
நேற்று வேறோர் இழையில் பொங்கோல்வாசி, "பள்ளி விடுமுறையில் சின்னப் பிள்ளைகளைக் கடைகடையாக இழுத்துச் செல்லும் தாத்தா பாட்டிகள் அவர்களை அலைக்கழிக்கிறார்கள், வேண்டியதைக் கைப்பேசியில் சொன்னால் வாசலுக்கே வந்துவிடும்" என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு மனம் கொதித்துவிட்டது.

புதன்கிழமை ஒன்பது வயதுப் பேத்தியையும் ஐந்து வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு ஐந்து இடங்களுக்குப் போனேன். கே.கே. மார்க்கெட்டில் தெங்கிரி மீன், மாடியில் தையல்காரரிடம் பேத்தியின் பாவாடைக்கு அளவு, நகைக்கடையில் அவள் தோட்டுக்குத் திருகாணி, கேம்பல் லேனில் பாட்டியின் படத்துக்கு மல்லிகைச் சரம், சையது ஆல்வி சாலையில் என் கடிகாரத்துக்கு பேட்டரி. மீனுக்கு 31 வெள்ளி 40 காசு ஆனது. 50 வெள்ளித் தாளைப் பேத்தியின் கையில் கொடுத்தேன். மீன்காரர் ஈரக்கையால் தந்த மிச்சத்தை அவள் அங்கேயே நின்று எண்ணிப் பார்த்து, "அங்கிள், 18 வெள்ளி 60 காசு வரவேண்டும், 2 வெள்ளி குறைகிறது" என்று தமிழிலேயே சொன்னாள். அவர் சிரித்தபடி இன்னொரு தாளை நீட்டினார். தோசை சாப்பிட்ட பிறகு பேரன் தன் தட்டைத் தானே கொண்டுபோய் வைத்தான். திரும்பும்போது எங்கள் புளோக்குக்கு எதிர்ச்சாலையில் பாதி தூரம் கடப்பதற்குள் நடப்போருக்கான விளக்கில் பச்சை மனிதன் மின்னத் தொடங்கிவிட்டதால் பேரனைத் தூக்கிக்கொண்டு கடந்தேன். வீடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இதையா அலைக்கழிப்பு என்கிறீர்கள்?

பொங்கோல்வாசி எழுதியது:
ஐயா, மற்றதெல்லாம் இருக்கட்டும். பாதிச் சாலையில் பச்சை மனிதன் மின்னியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூத்தோருக்காகவே 2009 முதல் பல கடப்புகளில், பொத்தானுக்கு மேலே, சலுகை அட்டையைத் தட்டும் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். தட்டினால் சாலையின் அகலத்துக்கு ஏற்ப 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாகக் கிடைக்கும். நீங்கள் அட்டையைத் தட்டினீர்களா, இல்லையா?

சிராங்கூன் தாத்தா எழுதியது:
என் ஒரு கையில் மீன் பை இருந்தது, மறு கையில் பேரனின் கை இருந்தது. பொத்தானை அழுத்தியது பேத்தி. நான் ஐந்து கடைகளைப் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்கு வயது 68. இன்றும் நான்காவது மாடிக்குப் படியேறித்தான் போகிறேன். எனக்கு எதற்குக் கூடுதல் விநாடி?

ஈசூன் மருமகள் எழுதியது:
ஐயா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. என் மாமியாரும் இப்படித்தான் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார். அவர்கள் திரும்பி வந்து, மல்லிகையை முழம்போட்டு அளந்த கதையை இரவு முழுவதும் சொல்வார்கள். ஆனால் ஈரச்சந்தையின் தரை வழுக்கும் என்பதை யாரும் மறுக்க முடியாது. நடுவே ஒன்றைத் திருத்துகிறேன்: இன்று கே.கே. என்றால் மருத்துவமனைதான். மார்க்கெட்டின் பெயர் தேக்கா.

சிராங்கூன் தாத்தா எழுதியது:
அம்மா, கே.கே. என்பது கண்டாங் கெர்பாவ். அந்த மலாய்ப் பெயர் எருமைக் கொட்டிலிலிருந்து வந்தது. நான் சிறுவனாக என் அப்பாவின் விரலைப் பிடித்து நடந்தது சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய கே.கே. மார்க்கெட்டில். 1982இல் இப்போதைய கட்டடத்தைத் திறந்தபோது அதற்குச் சீனப் பெயர் ஒன்றை வைத்தார்கள். 2000இல்தான் தேக்கா நிலையம் என்று மாற்றினார்கள். பலகையை யார் எத்தனை முறை மாற்றினாலும் என் வாயில் வருவது மாறாது.

தெம்பனிஸ் அண்ணன் எழுதியது:
பெரியவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பலகை மாறுவதற்கு முன்பும் மக்கள் அதைத் தேக்கா என்றுதான் அழைத்தார்கள். அது ஹொக்கியன் சொல். மூங்கிலின் அடிவாரம் என்று பொருள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்ன பெயர் அது. போன பொங்கலுக்கு, கேம்பல் லேனில் கட்டியிருந்த மாடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்ற இழையிலும் இந்தப் பெரியவர் இப்படித்தான் தாம் சொன்னதே வேதம் என்று நின்றார். நான் அதை மறக்கவில்லை.

பொங்கோல்வாசி எழுதியது:
பெயர் ஆராய்ச்சி இருக்கட்டும். அட்டையைத் தட்டினீர்களா, இல்லையா? கூடுதல் விநாடி உங்களுக்கு வேண்டாமென்றால் போகட்டும், அந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாமா? தூக்கிக்கொண்டு கடந்ததைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். கால் தடுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் மகனுக்கும் ஐந்து வயதுதான். அவனை அவன் தாத்தாவுடன் அனுப்பிவிட்டு, வீடு திரும்பும்வரை வேலையிடத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவன் நான்.

சிராங்கூன் தாத்தா எழுதியது:
பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம், தம்பி. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவன் நான். காலை ஏழரை மணிக்குக் கதவைத் திறந்து பேரப்பிள்ளைகளை வாங்கிக்கொள்கிறவன், மாலை ஏழு மணிக்கு மகள் வேலை முடிந்து வரும்வரை வைத்திருக்கிறவன். கைப்பேசியில் மீன் வாங்கினால், கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பார்க்க என் பேத்தி எங்கே கற்றுக்கொள்வாள்? அந்த மீனின் செவுளை அவள் தன் விரலால் தூக்கிப் பார்த்தாள். பிறகு அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளித்தாள். பேரன் அவள் சட்டையிலேயே தன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். இருவரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே செல்லச் சண்டை. இதெல்லாம் பொட்டலத்தில் கட்டி வாசலுக்கு வருமா?

ஈசூன் மருமகள் எழுதியது:
வேலைக்குப் போகும் தாய்மார்களைக் குத்திக்காட்ட வேண்டாம், ஐயா. நாங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது ஊர் சுற்ற அல்ல.

சிராங்கூன் தாத்தா எழுதியது:
நான் யாரையும் குத்தவில்லை. தாத்தா பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக வேலைக்குப் போகும் தாய்க்கு 3,000 வெள்ளி வரிக்கழிவு தருகிறார்கள். அரசாங்கமே ஒப்புக்கொண்ட உழைப்பு அது. அதை அலைக்கழிப்பு என்று ஒருவர் எழுதியதால் வந்த கோபம்தான் இது.

தெம்பனிஸ் அண்ணன் எழுதியது:
வரிக்கழிவையும் வழுக்கும் தரையையும் எதற்கு ஒன்றாகக் கட்டுகிறீர்கள்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை இது. ஒரே நாளில் ஐந்து இடம் என்பது அதிகம் என்றுதான் நானும் சொல்கிறேன். மூன்று போதும். கடிகார பேட்டரியை உங்கள் புளோக்குக்குக் கீழேயே மாற்றியிருக்கலாம்.

சிராங்கூன் தாத்தா எழுதியது:
அந்தக் கடிகாரம் என் மனைவி வாங்கித் தந்தது. புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் அதன் மூடியைத் திறக்கும்போது கீறல் விழுந்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு தூரம் நடந்தேன். பேரன் அந்தக் கடைக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு முள் நகரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை இடம் அதிகம் என்பதை உங்களிடம் கேட்டுக்கொண்டு நான் கிளம்ப வேண்டியதில்லை.

பொங்கோல்வாசி எழுதியது:
எத்தனை முறை சுற்றிவந்தாலும் கேள்வி அங்கேயே நிற்கிறது. அட்டையைத் தட்டினீர்களா, இல்லையா?

சிராங்கூன் தாத்தா எழுதியது:
அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சனிக்கிழமை பாவாடை தைத்துக் கிடைக்கும். மூன்று பேரும் மறுபடியும் கே.கே. மார்க்கெட்டுக்குப் போகிறோம். இந்த முறை தேங்காய்ப் பூவும் வாங்க வேண்டும்.

தெம்பனிஸ் அண்ணன் எழுதியது:
தேக்கா.

பொங்கோல்வாசி எழுதியது:
அப்படியானால் தட்டவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.