மாடி சோலாரை ஈ.பி. லைனோடு சேர்த்த அனுபவங்கள்: குமரி மாவட்டத்துக்காரர்கள் எழுதுங்கள்

வேர்க்கிளம்பி டீச்சர்:

சோலார் என்றதும் எல்லாரும் கேட்பது எவ்வளவு ஆகும், எவ்வளவு மிச்சம் என்பதைத்தான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு. உங்கள் வீட்டு கனெக்சன் யார் பேரில் இருக்கிறது?

எங்கள் வீட்டு சர்வீஸ் மாமனார் பேரில் இருந்தது. அவர் தவறி வருசங்கள் ஆகிவிட்டன. பில் ஒழுங்காகக் கட்டி வந்ததால் யாரும் அதைத் தொடவில்லை. மாடி சோலாருக்கு மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் பதிவு செய்ய உட்கார்ந்தோம். சர்வீஸ் நம்பரைப் போட்டதுமே திரையில் அவர் பேர் வந்தது. விண்ணப்பிப்பவர் பேரும் கனெக்சன் பேரும் ஒன்றாக இருந்தால்தான் மேலே போக முடியும். அப்புறம் வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் என்று அலைச்சல். கொழுந்தனார் மஸ்கட்டில் இருக்கிறார். அவர் லீவுக்கு வரும்வரை அந்த ஒரு கையெழுத்துக்காகவே காத்திருந்தோம். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பதால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். சோலார் வைக்கிறீர்களோ இல்லையோ, பெயர் மாற்றத்தை இப்போதே முடித்து வையுங்கள்.

மானியக் கணக்கு இதுதான். 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் வைத்தாலும் அதே 78,000தான். மீட்டர் வைத்து, லைனில் சேர்த்து, ஆய்வும் முடிந்த பிறகு பணம் நேராக நம் கணக்கில் ஏறும். இன்னொன்று, இந்தியாவிலேயே செய்த சோலார் செல் உள்ள பேனலாக இருந்தால்தான் மானியம் உண்டு. எங்களிடம் முதலில் விலை சொன்ன ஒரு கம்பெனி குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றது. என்ன பேனல் என்று எழுத்தில் கேட்டதும் பதில் இழுத்தது. அவர்களை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்த்தோம். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை மாடியில் ஏற்றும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்டாண்டில் மாட்டிய பிறகு குனிந்து தவழ்ந்துதான் பார்க்க வேண்டும்.

விதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனால் பேச்சே மாறும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. அதன்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்கு, லைன் தாங்குமா என்று முன்கூட்டிப் பார்க்கும் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை, அது ஏற்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அனுமதிக்கப்பட்ட லோடு போதவில்லை என்றால் அதை உயர்த்திக் கொடுப்பதும் மின்சாரம் தரும் நிறுவனத்தின் பொறுப்பு. 5 கிலோவாட் வரை, லைனைப் பலப்படுத்த வேண்டி வந்தால் அந்தச் செலவும் அவர்களுடையது. வேலை முடிந்தது என்று சான்றிதழ் கொடுத்த பிறகு ஒப்பந்தம் போடுவது, மீட்டர் வைப்பது, இயக்கி வைப்பது எல்லாம் 15 நாளுக்குள் நடக்க வேண்டும். முன்பு இது 30 நாளாக இருந்தது.

எங்கள் விண்ணப்பம் செக்சன் ஆபீசில் அசையாமல் கிடந்தது. "டிரான்ஸ்பார்மர்ல கெப்பாசிட்டி இல்ல டீச்சர்" என்றார்கள். அந்தத் திருத்தத்தின் நகலோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வந்தேன். அதன்பின் வேலை நடந்தது. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆள் பற்றாக்குறையில் தவிக்கிறார்கள். ஆனாலும் நம் உரிமையை எழுத்தில் கேட்பதில் தவறே இல்லை.

குளச்சல் அண்ணன்:

டீச்சர் காகிதத்தைச் சொல்லிவிட்டார். நான் கரண்ட் போகும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். இதை வாங்கும்போது யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

ஈ.பி. லைனோடு சேர்த்த சோலார், ஈ.பி. கரண்ட் போனதும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தினாலும் ஒரு பல்புகூட எரியாது. பக்கத்து வீட்டு மச்சான் ஆசையாக வைத்துவிட்டு, முதல் பவர் கட்டிலேயே கம்பெனிக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டியான இன்வெர்ட்டர் பழுது என்று நினைத்திருக்கிறார். அது பழுதில்லை, விதியே அப்படித்தான். லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நம் மாடியிலிருந்து போகும் கரண்ட் கம்பத்தில் ஏறி நிற்கும் ஆளைக் கொன்றுவிடும்.

ஒக்கிப் புயலை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் கடைசி. ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்து, கம்பங்கள் வரிசையாக விழுந்து, ஊர் ஊராக நாள் கணக்கில் இருட்டில் கிடந்தோம். வெளி மாவட்டங்களில் இருந்தெல்லாம் வாரியத்து ஆட்கள் வந்து கம்பம் நட்டார்கள். எந்த வீட்டு மாடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. வெறும் கையை நம்பி ஏறினார்கள். அந்த நேரத்தில் ஒரு வீட்டிலிருந்தாவது கரண்ட் திரும்பி லைனுக்குப் போயிருந்தால்? அதனால்தான் இந்த விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்கிறேன். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களும், ஈ.பி. லைனும் ஜெனரேட்டரும் ஒன்றாகச் சேராமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் கொடுக்காதீர்கள்.

புயல், மழைக்கும் கரண்ட் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் போடுங்கள். அது ஈ.பி. லைனிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் கொடுக்கும். செலவு நன்றாகவே கூடும். எங்கள் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் உண்டு, இரவில் கருவி ஓட வேண்டும் என்பதால் நாங்கள் போட்டோம். வெறுமனே பில் குறைய வேண்டும் என்பவர்களுக்கு அது தேவையில்லை.

கடல் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு விசயம். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியாதா? உப்புப் பனிச் சோதனையில் தேறிய பேனலா என்று கேளுங்கள். ஸ்டாண்ட் நன்றாகத் துத்தநாகத்தில் முக்கியதாக இருக்க வேண்டும், நட்டு போல்ட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் ஸ்டாண்டின் கால் நன்றாக இருக்கிறது, போல்ட்டு மட்டும் செம்பழுப்பாகி, விரலால் தேய்த்தால் பொடி உதிர்கிறது. காற்று மாதத்தில் அதை நம்பி எப்படித் தூங்குவது?

மார்த்தாண்டம் கடைக்காரர்:

சுருக்கமாக ஒன்று. வீட்டுக்குச் சொன்னதைக் கடைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு கனெக்சனில் நெட் மீட்டர் முறை. லைனுக்குக் கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிப்பார்கள், மிச்சம் அடுத்த பில்லுக்குப் போகும். வணிக கனெக்சனில் அப்படி இல்லை. நாம் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் வைத்த ஒரு விலை போட்டுப் பில்லில் கழிப்பார்கள். அது நாம் வாங்கும் விலையை விடக் குறைவு. ஆகவே கடைக்குப் பகலில் ஓடும் அளவுக்கு மட்டும் வைப்பதுதான் லாபம். என்னுடையது ஐஸ்கிரீம், குளிர்பானக் கடை. பிரீசர் பகல் முழுக்க ஓடுவதால் வெளியே போவது கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை அடைத்துவிடும் துணிக்கடைக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும்.

திங்கள்சந்தை எலக்ட்ரீசியன்:

குளச்சல் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒயரிங் வேலைக்காரன், கூடப் பிறந்தவர் லைனில் வேலை பார்க்கிறவர். வீட்டில் சோறு தின்னும்போதுகூட இந்தப் பேச்சு வரும்.

மின்வாரிய ஆள் வெளியிலிருந்தே கைவைத்துத் துண்டிக்க ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். துண்டித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும், பூட்டுப் போடவும் வசதி வேண்டும். பல வீடுகளில் இதை மாடிப்படிக்கு மேலே, பூட்டிய கதவுக்கு உள்ளே வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்குமாம். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் லைன்மேன் என்ன செய்வார்? மீட்டர் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

எர்த் குழி மூன்று வேண்டும். பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டு லைனுக்கு வரும் ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. நம் மேற்குப் பக்கம் சித்திரை, ஐப்பசி இடி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றையும் ஒரே கம்பியில் கட்டிவிட்டு மூன்று மூடி மட்டும் வைத்த வீட்டை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழி தோண்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் வோல்டேஜ். "மத்தியானம் நல்ல வெயில், ஆனா இன்வெர்ட்டர் நின்னு நின்னு ஓடுது" என்று இப்போது நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் இதுதான். லைனுக்குக் கரண்ட் தள்ள வேண்டுமானால் இன்வெர்ட்டர் லைனை விடக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜில் நிற்க வேண்டும். தண்ணீர் மேட்டிலிருந்துதானே பள்ளத்துக்கு ஓடும். விதிப்படி வோல்டேஜ் 110 சதவீதத்தைத் தாண்டினால் இன்வெர்ட்டர் துண்டித்துவிட வேண்டும். 230க்கு அது 253. டிரான்ஸ்பார்மர் பக்கத்து வீடுகளில் லைனே 245, 248 என்று நிற்கும். அதோடு மாடியிலிருந்து மீட்டர் வரை ஒல்லி ஒயரை நீளமாக இழுத்திருந்தால் அந்த ஒயரிலேயே சில வோல்ட் ஏறிவிடும். 253ஐத் தொட்டதும் நிற்கும், கொஞ்ச நேரம் காத்திருந்து திரும்ப வரும், மறுபடி நிற்கும்.

ஒரு வீட்டில் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இன்வெர்ட்டர் வாயில் 254, ஈ.பி. மீட்டர் பக்கத்தில் 247. நடுவில் இருந்த ஒயர்தான் குற்றவாளி. தடித்த ஒயர் மாற்றியதும் சரியானது. ஒயரில் வித்தியாசம் இல்லாமல் லைனிலேயே வோல்டேஜ் கூடுதலாக இருந்தால், மத்தியான நேரத்து அளவைக் குறித்துக்கொண்டு செக்சன் ஆபீசில் எழுதிக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றியோ, உங்கள் வீட்டை மூன்று பேஸ் கம்பிகளில் வேறொன்றுக்கு மாற்றியோ சரி செய்வார்கள். இன்வெர்ட்டர் செட்டிங்கில் அந்த 253ஐ உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். உங்கள் வோல்டேஜ் ஏறினால் பக்கத்து வீட்டு டிவியும் பிரிட்ஜும் சேர்ந்துதான் அடிபடும்.

பூதப்பாண்டி பெண்:

எங்கள் வீட்டில் கீழே ஒரு மீட்டர், மாடியில் தங்கை குடும்பத்துக்கு ஒரு மீட்டர். எதில் சேர்ப்பது? தென்னை நிழலும் கொஞ்சம் விழுகிறது, சாயங்காலம் நாலு மணிக்கு மேலே. டீச்சர், சொல்லுங்களேன்.

வேர்க்கிளம்பி டீச்சர்:

கூடுதல் பில் வரும் மீட்டரில் சேர்த்துவிடு அம்மா. நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டியதும் கணக்குப் போடும் முறையே மாறிவிடும், மேலே போகப் போக ஒவ்வொரு யூனிட்டும் விலை ஏறும். சோலார் முதலில் குறைப்பது அந்த விலை கூடிய மேல் யூனிட்டுகளைத்தான். இரண்டு மீட்டரிலும் 300, 350க்குள் வருகிறது என்றால் அவசரப்பட வேண்டாம், தங்கையோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

ஒரு கிலோவாட்டுக்கு நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவமழை பிடித்தால் எங்கள் கல்குளம், விளவங்கோடு பக்கம் அது நன்றாகவே குறையும். உங்கள் தோவாளைப் பக்கம் மழை குறைவு, வெயில் கூடுதல், உங்களுக்கு அது லாபம். இடம் கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும். நாலு மணி நிழல் பெரிய கேடில்லை. பத்திலிருந்து இரண்டு மணிக்குள் விழும் நிழல்தான் கெடுக்கும். வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்றின் மேல் ஓலை நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் தளரும். தெற்கு பார்த்து பத்து டிகிரி சாய்வு போதும், நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம்தானே. அதைவிடத் தட்டையாக வைத்தால் மழை வந்தாலும் காக்கை எச்சமும் தூசியும் கழுவிப் போகாது.

பூதப்பாண்டி பெண்:

சரி டீச்சர். மீட்டர் மாற்றியதும் என்ன பார்க்க வேண்டும்?

வேர்க்கிளம்பி டீச்சர்:

பழைய மீட்டரின் கடைசி எண்ணைப் போட்டோ எடுத்து வை. புது மீட்டரில் எடுத்தது ஒன்று, கொடுத்தது ஒன்று என இரண்டு அளவு மாறி மாறித் திரையில் வரும். இரண்டையும் தொடக்க நாளிலேயே எடு. எங்கள் முதல் பில்லில், கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டாகக் குறித்துவிட்டார்கள். போட்டோவைக் காட்டியதும் அங்கேயே திருத்திக் கொடுத்தார்கள். கணக்கெடுக்க வருபவர் புதிது என்றால் அவர் பக்கத்தில் நின்று இரண்டு எண்ணையும் வாய்விட்டுப் படித்துக் காட்டு. கோபப்பட மாட்டார்கள், அவர்களுக்கும் அது வசதிதான்.

வைத்த கம்பெனி ஐந்து வருசம் பராமரிப்பு பார்க்க வேண்டும் என்பது மானியத் திட்டத்தின் நிபந்தனை. அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டு மீதிப் பணத்தைக் கொடு. பெயர் மாற்றம் முடிந்ததா என்று இன்றைக்கே பார்த்துவிட்டு எழுது.