புதுப்பிப்பு: போர் தண்ணீருக்கு எந்த வாஷிங் மெஷின்?

உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் நீண்ட நாள் உழைக்கிற மெஷின் டாப் லோடா, ஃப்ரன்ட் லோடா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 7 கிலோ டாப் லோட், ஹீட்டர் இல்லாதது வாங்கினோம். "உப்பு முதலில் படிவது ஹீட்டரில்தான், வெந்நீரில் துவைக்காதவருக்கு அது எதற்கு?" என்ற யோசனைதான் முடிவு செய்தது. வாரண்டி அட்டையைப் படிக்கச் சொன்னதும் நல்லதாயிற்று: விளம்பரத்தில் கண்ட 10 வருஷம் மோட்டாருக்கு மட்டும். செலவு வைக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு (மெஷினை இயக்கும் சர்க்யூட்) 2 வருஷம்தான்.

எதிர்பாராதது: தண்ணீர் சரியாக ஏறாமல் மெஷின் பாதியில் நின்றது. எங்களுடையது மேல்மாடி, தண்ணீர்த் தொட்டி மெஷினுக்கு 2 மீட்டர் மேலேதான். அந்த உயரத்துக்கு 0.2 பார் அழுத்தம்தான் கிடைக்கும், கையேடு கேட்பது 0.3. சின்ன பிரஷர் பம்ப் போட்டதும் சரியாகிவிட்டது. அப்புறம், தண்ணீர் நுழையும் இடத்து வலையை அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள், மணல் சேர்கிறது.