ரெண்டு கார் நிற்கும் இடத்தில் சின்ன பார்க்: நாகர்கோவில் மழைக்கு எப்படிக் கட்டுவது?

வேப்பமூட்டுக் கடைக்காரர் கேட்டது:

வணக்கம். வேப்பமூடு ஜங்ஷனை ஒட்டிய ஒரு குறுக்குத் தெரு. கடைகளுக்கு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் 11 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம் எடுத்து, நாலு பெஞ்ச், கொஞ்சம் செடி வைத்து எல்லாரும் உட்காருகிற இடமாக மாற்ற யோசனை. பார்க்லெட் என்கிறார்களே, அதுதான். நடைபாதை என்று தனியாக இல்லை. ஸ்லாப் போட்டு மூடிய ஓடைதான் நடைபாதை. ரோட்டிலிருந்து 17 செ.மீ. உயரம். கொத்தனார் கான்கிரீட் போட்டு மட்டம் பண்ணிடலாம் என்கிறார். வெல்டர் இரும்பு பிரேம் போட்டுப் பலகை அடிக்கலாம் என்கிறார். எது சரி? மேலே ஷீட் போடலாமா? அனுமதி யாரிடம் கேட்கணும்?

ஓடைக்கரை:

கான்கிரீட் பேச்சை இப்பவே விட்டுருங்க அண்ணாச்சி. தார் ரோட்டுக்கு நடுவில் இருந்து ஓரத்துக்கு 100-க்கு 2 முதல் 2.5 வரை சரிவு உண்டு. பெய்கிற மழை முழுக்க ஸ்லாப் ஓரமாக ஓடி, பக்கத்தில் உள்ள துவாரம் வழியாகத்தான் ஓடைக்குள் இறங்கும். அந்தப் பாதையில் கான்கிரீட் போட்டால் அது தடுப்பணை. நம்ம ஊருக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மேல்பக்கத்துக் கடைக்குள் தண்ணி ஏறின அன்றைக்கே பார்க்கை உடைக்கச் சொல்லிடுவாங்க. தவிர, ரோட்டோடு ஒட்டிய கட்டுமானம் ஆக்கிரமிப்புக் கணக்கில்தான் வரும். கழற்றி எடுக்கிற மாதிரி இருந்தால்தான் அனுமதி கேட்கவே முகம் இருக்கும்.

பிரேம்தான் சரி. ரெண்டு முனையிலும் 1.2 மீட்டர் விடுங்க, பக்கத்துக் கார் முன்னும் பின்னும் எடுக்கும்போது இடிக்காமல் இருக்க. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரின் முந்தைய பார்க்லெட் விதிகளிலும் இதே நாலடிதான் இருந்தது. மேடைக்கு 8.6 மீட்டர் மிஞ்சும். வண்டி ஓடும் பக்கம் 30 செ.மீ. விட்டால் அகலம் 1.9 மீட்டர். நாலு துண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2.15-க்கு 1.9.

சூட்சுமம் உயரத்தில் இருக்கு. ஸ்லாப் ஓரத்தில் 17 செ.மீ. என்றாலும், சரிவு 2.5 என்றால் 1.9 மீட்டர் தள்ளி ரோடு 5 செ.மீ. ஏறியிருக்கும். வெளி விளிம்பில் உங்களுக்குக் கிடைப்பது 12 செ.மீ. மட்டும். பலகைக்கு 2.5, குழாய்க்கு 5 போனால் அடியில் 4.5 செ.மீ. சந்து, ஸ்லாப் பக்கம் 9.5. தண்ணி போக இது தாராளம். ஆனால் வெல்டர் வழக்கம்போல குறுக்குக் குழாய் மேல் நெடுக்குக் குழாயை அடுக்கினால் இன்னொரு 5 செ.மீ. போய், பிரேம் தார் மேலேயே உட்கார்ந்துவிடும். எல்லாக் குழாயும் ஒரே மட்டத்தில், ஒன்றுக்குள் ஒன்று வெல்டு ஆகணும்.

ஒரு துண்டுக்கு, அகலவாக்கில் 50×50×3 மி.மீ. சதுரக் குழாய் மூன்று; அவற்றுக்கு இடையில் நீளவாக்கில் 50×25×2 குழாய், 40 செ.மீ.க்குள் ஒன்று வீதம். ஆட்கள் கூடும் இடத்துக்கு, கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 5 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 500 கிலோ. இந்த அளவு அதைத் தாங்கும். ஒவ்வொரு குறுக்குக் குழாய்க்கும் மூன்று கால்: ஸ்லாப் ஓரத்தில் இருந்து 30 செ.மீ., 1.1 மீட்டர், வெளி விளிம்பு. அந்த முதல் 30 செ.மீ.யில் ஒரு காலும் வரக்கூடாது. அது தண்ணியின் பாதை. குப்பை சிக்குவது எப்பவும் அங்கே நிற்கிற காலில்தான். கால் என்பது 16 மி.மீ. திருகுக் கம்பி, நட்டு, கீழே பிளேட். நடுக்கால் ஒன்றுக்கு 400 கிலோவுக்கு மேல் வரும். 10 செ.மீ. பிளேட் வைத்தால் சித்திரை வெயிலில் இளகிய தாரில் பதியும். 15 செ.மீ. சதுரம், 6 மி.மீ. பிளேட், அடியில் ரப்பர் ஷீட். ரோட்டைத் துளைக்கவே கூடாது.

பலகையை ஒரே நீளமாக ஸ்லாப் வரை அடிக்காதீங்க. ஓரத்து 45 செ.மீ.யை ஒரு மீட்டர் நீள மூடிகளாகச் செய்து, தூக்கிக் கூட்டுகிற மாதிரி விடுங்க. வாரம் ஒரு தடவை மூடியைத் தூக்கித் தென்னைவிளக்குமாறால் இழுத்துவிடணும். இல்லையென்றால் பாலிதீன் கவர், தேங்காய்த் தொண்டு, அதுக்கு மேலே எலி. எலிக்கு வலை அடிக்கலாமா என்று கேட்பீங்க. நிரந்தர வலையில் முதல் மழைக்கே இலை அடைக்கும். மேற்படி துவாரத்துக்கு நேரே கட்டாயம் ஒரு மூடி வரணும். மேடையின் எந்தப் பகுதியும் ஓடை ஸ்லாப் மேல் ஏறக்கூடாது. தூர்வாரும் ஆட்கள் அதைத் தூக்கியாகணும்.

மணிமேடை வாசி:

கார் ரெண்டுதான் போகுது என்று கணக்குப் போட்டால் தப்பு. பைக்குக்கு ஒரு மீட்டர் அகலம், ரெண்டு மீட்டர் நீளம். 11 மீட்டரில் நெட்டுக்குத்தாக 11 பைக் நிற்கும். வடசேரியில் இருந்து கோட்டாறு வரை எந்தத் தெருவிலும் சண்டை பைக்குக்காகத்தான், காருக்காக இல்லை. தெருமுனையில் இன்னொரு கார் இடத்தைப் பைக்குக்கு மட்டும் என்று கோடு போட்டு மாற்றிய பிறகு மேடையைப் போடுங்க. இல்லையென்றால் அந்த 1.2 மீட்டர் இடைவெளியில் ரெண்டு ஸ்கூட்டர் சொருகியிருக்கும், மூடியைத் திறக்கவும் முடியாது.

தெருக்கோப்பு:

அனுமதி பற்றி. தெரு யாருடையது என்பதை முதலில் மாநகராட்சி பொறியியல் பிரிவில் கேட்டு உறுதி பண்ணுங்க. மாநகராட்சித் தெரு என்றால் மனு ஆணையருக்கு. நெடுஞ்சாலைத் துறை ரோடு என்றால் அவங்க கோட்டப் பொறியாளர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பெரிய ரோட்டில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. எங்கே வண்டி நிறுத்தலாம் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 117-வது பிரிவில் வருகிற விஷயம், அதனால் போக்குவரத்துப் போலீசுக்கும் நகல் கொடுங்க. கவுன்சிலரை விட்டுட்டுப் போகாதீங்க.

மனுவோடு ஒரு வரைபடம் வேணும். ஓடைத் துவாரம், குடிநீர் வால்வுப் பெட்டி, பாதாளச் சாக்கடை மூடி, மின்கம்பம், ஸ்டே கம்பி, கடைகளின் ஷட்டர், எல்லாம் அளவோடு இருக்கணும். வால்வுப் பெட்டியோ சாக்கடை மூடியோ மேடைக்கு அடியில் வருகிறது என்றால் இடத்தை மாற்றுங்க. தெருமுனையில் இருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளியிருக்கணும், திரும்புகிற வண்டிக்குப் பார்வை மறைக்காமல்.

ரெண்டு விஷயத்தில் மனு தட்டிப்போகும். ஒன்று, அந்த இடத்தில் ஏற்கெனவே பூக்காரம்மாவோ பழவண்டியோ இருந்தால், 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அவங்களை உங்க பெஞ்சுக்காக நகர்த்த முடியாது. நகர விற்பனைக் குழுவில் பேசணும், இல்லை அவங்களுக்கும் சேர்த்தே திட்டம் போடணும். இன்னொன்று, டீக்கடை மேசை. மேடையில் ஒரு கடைக்காரர் பரிமாற ஆரம்பித்தால் அது பொது இடம் இல்லை. ‘யாரும் உட்காரலாம், எதுவும் வாங்க வேண்டியதில்லை’ என்று பலகை எழுதி வைப்பதாக மனுவிலேயே சொல்லுங்க.

முதலில் ஒரு நாள் சோதனைக்கு அனுமதி கேட்பது எளிது. இந்த யோசனை தொடங்கியதே அப்படித்தான்: 2005 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ரீபார் என்ற வடிவமைப்புக் குழு பார்க்கிங் மீட்டரில் காசு போட்டு, கார் இடத்தில் புல், ஒரு பெஞ்ச், ஒரு மரம் வைத்து ரெண்டு மணி நேரம் வைத்திருந்தது. அந்த நகராட்சி முறையான பார்க்லெட்டுகளை அனுமதித்தது 2010-ல். நம்ம ஊரில் மீட்டர் கிடையாது, அதனால் காகிதம் வேணும். சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலி, செடிச்சட்டி, நாடா போட்டுப் பாருங்க; சரக்கு லாரி எங்கே நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தேர், சப்பரம், பவனி போகிற பாதையா என்றும் பாருங்க. நாகராஜா கோயில் தை திருவிழா, கோட்டாறு சவேரியார் திருவிழா சமயத்தில் கழற்றித் தருவோம் என்று எழுதிக் கொடுத்தால் பாதி எதிர்ப்பு அடங்கும். மேலே சொன்ன ஒரு துண்டு பலகையோடு 120 கிலோ அளவுக்கு வரும், ஆறேழு பேர் தூக்கிடலாம்.

வேப்பமூட்டுக் கடைக்காரர்:

ரொம்ப உபயோகம். பலகைக்கு ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்குது, போடலாமா? வெயிலுக்கு மேலே ஷீட் வேணும் என்று எல்லாரும் கேட்கிறாங்க.

பட்டறை மணி:

ரப்பர் மரம் வேண்டவே வேண்டாம். உள்ளே மேசை நாற்காலிக்கு நல்லது. மழையில் பூஞ்சையும் துளைப்பூச்சியும் சேர்ந்து தின்னுடும். அயினி போடுங்க, வள்ளம் கட்டுகிற மரம், தண்ணியை ஏற்கும். தென்னை வேணும் என்றால் முற்றின மரத்தின் வெளிவட்டம் மட்டும்; உள் சோறு பஞ்சு மாதிரி. பலகைக்குப் பலகை 6 மி.மீ. இடைவெளி, அதற்கு மேல் போனால் குடைக்கம்பி, செருப்புக் குதி மாட்டும். புள்ளி போட்ட இரும்பு பிளேட்டைச் சிலர் சொல்வாங்க. மதியம் அதில் கால் வைக்க முடியாது, மழையில் வழுக்கும்.

ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசியே வருகிற இரும்புக் குழாயை வாங்கி வெல்டு பண்ணினால் வெல்டு பட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய், துரு அங்கேயே தொடங்கும். பூச்சு இல்லாத கறுப்புக் குழாயில் முழு பிரேமையும் செய்து, குழாய் முனைகளில் காற்றுத்துளை விட்டு, பிறகு ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கக் கொடுக்கிறதுதான் முறை. துளை இல்லாமல் முக்கினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூடாகி வெடிக்கும். பட்டறைக்காரர் மறந்தாலும் நீங்க நினைவூட்டுங்க. திருகு, துருப்பிடிக்காத ஸ்டீலில் 304 ரகம் நாகர்கோவிலுக்குப் போதும். குளச்சல், கன்னியாகுமரி மாதிரி கடலோரம் என்றால் 316.

ஷீட் கூடாது. காற்றழுத்தத்துக்கு வாய்ப்பாடு எளிது: வேகத்தின் வர்க்கம் பெருக்கல் 0.6. வினாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. காற்று என்றால் சதுர மீட்டருக்கு 135 நியூட்டன், 14 கிலோ. 16 சதுர மீட்டர் ஷீட்டுக்கு 220 கிலோ, அதுவும் சாதாரண ஆடிக் காற்றுக்கே. ரோட்டைத் துளைக்க முடியாத மேடையில் அதை எதில் கட்டுவீங்க? 2017 ஒக்கி புயலில் வேரோடு மரங்கள் விழுந்த மாவட்டம் இது. கட்டட நிழல் எந்த நேரம் எங்கே விழுது என்று பார்த்து, மதியத்துக்குப் பிறகு நிழல் வருகிற பக்கத்தைத் தேர்ந்தெடுங்க.

வண்டி வரும் முனையில் 10 முதல் 15 செ.மீ. உயர ரப்பர் வீல் ஸ்டாப்பரும், ஒளிரும் பட்டை ஒட்டிய கம்பமும் வையுங்க. வெளி விளிம்பில் தடுப்பு 90 செ.மீ.; அதற்கு மேல் போனால் உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளை டிரைவர் கண்ணில் படாது.

தோவாளைச் செடிக்காரி:

அந்தத் தடுப்பைச் செடித்தொட்டியாகச் செய்யத்தான் எல்லாரும் நினைப்பாங்க. பாரத்தைக் கணக்குப் பாருங்க: 45 செ.மீ. அகலம், 45 ஆழம், 8.6 மீட்டர் நீளம் என்றால் 1.7 கன மீட்டர். நனைந்த மண்ணாக நிரப்பினால் 3 டன்னை நெருங்கும். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்தால் நல்லாவே குறையும். ஆழமும் 30 போதும். தொட்டிக்கு அடியில் கூடுதலாக ஒரு வரிசைக் கால் கொடுக்கச் சொல்லுங்க.

அரளி வேண்டாம், பூ அழகு, ஆனால் இலை, தண்டு, விதை எல்லாம் விஷம், பிள்ளைகள் கடிப்பாங்க. செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஏறும். தெச்சி நல்லது, வெட்ட வெட்டத் தழைக்கும், புகையும் தாங்கும். பூசைக்குப் பறிப்பாங்க, பறிக்கட்டும். மாசியில் இருந்து மழை தொடங்கும் வரை தினமும் தண்ணி ஊற்றியாகணும், எந்தக் கடை எந்தக் கிழமை என்று சுவரில் எழுதி ஒட்டுங்க. தொட்டி அடியில் 20 மி.மீ. குழாய் போட்டுத் தண்ணியை நேரே தாருக்கு விடணும். பிரேம் மேல் சொட்டினால் பட்டறை மணி சொன்ன கால்வனைசிங் எல்லாம் உரத்தண்ணியில் போகும்.

ஓடைக்கரை:

ஒன்று விட்டுப்போச்சு. தெருவுக்குப் புதுத் தார் போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் ரோடு 3, 4 செ.மீ. உயரும், உங்க 4.5 செ.மீ. சந்து அதோடு முடிந்தது. தார் போடப் போறாங்க என்று தெரிந்தால் அது முடிந்த பிறகு அளவெடுங்க. மூடிக்குக் கீலும் பூட்டும் வேண்டாம், துருப்பிடித்து இறுகும். ரெண்டு ஆலன் போல்ட் போதும், சாவி பக்கத்துக் கடைக் கல்லாவில் கிடக்கட்டும்.