ரயில், விமானம், சாலை என்று மூன்று சட்டத்தையும் மாற்றிவிட்டார்களே, நமக்கு எது மாறியது?

தாமிரபரணி77:
2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம். 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம், அதாவது புது விமானச் சட்டம். அதே வருடம் ரயில்வே திருத்தச் சட்டமும் நிறைவேறிவிட்டது. டிவியைப் போட்டால் எல்லாமே 'சீர்திருத்தம்' என்கிறார்கள். டிக்கெட் எடுத்துப் போகிற, டூவீலர் ஓட்டுகிற ஆளுக்கு இதனால் என்ன ஆகிறது? ஹெல்மெட் அபராதம் 1,000 ரூபாய் ஆனதைத் தவிர எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

கரிவண்டி:
ரயிலில் தட்டுப்படாது, ஏனென்றால் ஒன்றுமே இல்லை. 1905-ல் வெள்ளைக்காரன் போட்ட ரயில்வே வாரியச் சட்டத்தை ரத்து செய்து, அந்த வாரியத்தை 1989 ரயில்வே சட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வாரியத்தில் எத்தனை பேர், என்ன தகுதி என்பதை மத்திய அரசே தீர்மானிக்கும். தனி ஒழுங்குமுறை ஆணையம் வேண்டும் என்று ரயில்வே சீரமைப்புக்காக அரசு போட்ட விவேக் தேப்ராய் குழு 2015-லேயே சொன்னது, அது இதில் கிடையாது. வண்டி ஓட்டுவதும் அவர்களே, கட்டணம் வைப்பதும் அவர்களே என்ற கதை அப்படியே தொடர்கிறது. ரயில் பாதுகாப்பு ஆணையர் மட்டும் விமானத் துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார், அதுவும் பழைய ஏற்பாடுதான்.

நமக்கு உதவுகிற பிரிவு பழைய சட்டத்திலேயே இருக்கிறது, 124ஏ. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 8 லட்சம். உடலருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்துத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

ரன்வே:
விமானமும் ஏறக்குறைய அதே கதைதான். 1934 சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம், இந்திப் பெயரோடு (அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்). பைலட்டுகளுக்கான ரேடியோ உரிமம் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து டிஜிசிஏவுக்கு (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) வந்திருக்கிறது, அபராதத்தை எதிர்த்து இரண்டாவது மேல்முறையீடு உண்டு. விமானம் ரத்தானால் என்ன தர வேண்டும் என்பது சட்டத்தில் வராது, டிஜிசிஏ விதியில் வரும், அதனால் கவுன்ட்டரில் சண்டை போடும்போது விதியைக் காட்டுங்கள். 2025-ல் வந்த இன்னொரு சட்டம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023-ல் திவால் மனு போட்டதும் விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்களால் அவற்றைத் திருப்பி எடுக்க முடியாமல் ஒரு வருடம் இழுத்தது இல்லையா, அது மறுபடி நடக்காமல் இருக்கத்தான் அந்தச் சட்டம். அதனால் டிக்கெட் விலை குறையும் என்று கனவு காண வேண்டாம்.

டோல்கேட்_தம்பி:
மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் சாலைச் சட்டத்தில் அபராதத்தை மட்டும் பார்ப்பதுதான் பிரச்சினையே. 162-வது பிரிவில் விபத்துக்குப் பிறகான முதல் ஒரு மணி நேரத்துக்குக் காசில்லா சிகிச்சை என்று 2019-லேயே எழுதி வைத்தார்கள். திட்டம் வராமல் கிடந்து, உச்ச நீதிமன்றம் நெருக்கிய பிறகு 2025 மே மாதம்தான் அறிவித்தார்கள். விபத்து நாளிலிருந்து 7 நாட்களுக்குள், ஆளுக்கு 1.5 லட்சம் வரை. திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் உயிரை நிலைப்படுத்தும் அளவுக்கு மட்டும்.

எங்கள் தெருப் பையன் அடிபட்டபோது ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரை வாசலிலேயே நிறுத்திவிட்டு "அட்வான்ஸ் யார் கட்டுறீங்க?" என்றார்கள். தூக்கி வந்த ஆட்டோ அண்ணன் பேரைச் சொல்லப் பயந்து நழுவிவிட்டார். 134ஏ பிரிவுப்படி உதவி செய்தவர் பேரைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. இதை எந்த போர்டிலும் எழுதி நான் பார்த்ததில்லை, ஹெல்மெட் அபராதம் மட்டும் சந்துக்குச் சந்து போர்டு.

அப்புறம் முக்கியமான ஒன்று: இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. அதை எதிர்த்து வழக்கு போய்க்கொண்டிருக்கிறது, தீர்ப்பை நம்பி உட்கார வேண்டாம், உடனே போட்டுவிடுங்கள்.

தாமிரபரணி77:
162 எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நன்றி. குஜராத்தில் அபராதத்தைக் குறைத்தார்களே, ஒரே சட்டம்தானே, அது எப்படி?

கரிவண்டி:
ரயிலும் விமானமும் மத்தியப் பட்டியல், அதில் மத்திய அரசு மட்டும்தான் சட்டம் போடும்; மோட்டார் வண்டி பொதுப்பட்டியல், அதில் மாநிலமும் போடலாம். அதோடு, வழக்கில்லாமல் அங்கேயே கட்டி முடிக்கிற சமரசத் தொகையை 200-வது பிரிவின்படி மாநிலம்தான் அறிவிக்கும். தமிழ்நாடு புதுத் தொகைக்கு மாறியதே 2022 அக்டோபரில்தான்.