ஒரே வரியில் மூணு ஏளனம்

நிலா: பெரியப்பா, சித்தி, ஒரு சந்தேகம். ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகத்தை மொழிபெயர்க்கிறேன், நாலாம் அங்கம் முதல் காட்சி. தளபதி ஒத்தெல்லோவை, அவனோட அதிகாரி காசியோவை ஒளிஞ்சு நின்னு கவனிக்கச் சொல்லி, வில்லன் இயாகோ தூண்டிவிடற இடம். ஒரே வரியில ஃப்ளியர், ஜைப், ஸ்கார்ன்னு மூணு ஆங்கிலச் சொல்லும் பன்மையில வருது. கேலி, கிண்டல், ஏளனம்னு தமிழ்ல போட்டுடலாமா?

வசந்தி சித்தி: வேண்டாம்மா. அடுத்த வரியைப் பாரு. இந்த மூணும் காசியோ முகத்துல ஒவ்வொரு பகுதியிலயும் குடியிருக்குன்னு வருது. ஒத்தெல்லோ நிக்கிற இடத்துக்குப் பேச்சு முழுசா எட்டாது, முகம்தான் தெரியும். கேலி, கிண்டல்னு போட்டா வாய்ப்பேச்சாயிடும்.

பெரியப்பா: அதேதான். காசியோ சிரிக்கிறது தன் காதலி பியாங்காவை நினைச்சு. ஒத்தெல்லோ அதைத் தன் மனைவி விஷயம்னு எடுத்துக்கறான். மொழிபெயர்ப்புல முகம் தொலைஞ்சா காட்சியே நிக்காது.

நிலா: அப்போ ஃப்ளியர்?

பெரியப்பா: பல் தெரிய முகத்தைக் கோணிச் சிரிக்கிறது. ஸ்காண்டிநேவியப் பக்கத்துல இருந்து வந்திருக்கணும். நார்வேக்காரங்க மொழியில ஃப்லிரான்னா இளிக்கிறது. ‘இளிப்பு’ன்னே போடு, கச்சிதமா உக்காரும்.

வசந்தி சித்தி: ஜைப்புக்குக் ‘குத்தல்’. கூட ‘பேச்சு’ சேர்க்காதே.

நிலா: ஸ்கார்ன்னா வெறுப்புதானே?

பெரியப்பா: இன்னைக்கு அப்படித்தான், உள்ளுக்குள்ள இருக்கிற அலட்சியம். வேர் பழைய பிரெஞ்சு. அங்கே அதுக்கு ஏளனம்னுதான் அர்த்தம். பன்மையைக் கவனி. உள்ளுணர்ச்சியை யாரும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண மாட்டாங்க, வெளியில செஞ்சு காட்டுற ஏளனத்தை எண்ணலாம்.

வசந்தி சித்தி: 1611 பைபிள்லயும் சாட்சி இருக்கு. முதல் சங்கீதம் முதல் வசனத்துல ஸ்கார்ன்ஃபுல்னு வர்ற இடம் நம்ம வேதாகமத்துல ‘பரியாசக்காரர்’. எபிரேயச் சொல்லும் ஏளனம் பண்றவங்களைத்தான் குறிக்குது. நாடக வரியில ஸ்கார்னுக்கு முன்னாடி நிக்கிற நோட்டபிளையும் ‘குறிப்பிடத்தக்க’ன்னு போட்டுடாதே. பளிச்சுன்னு கண்ணுக்குத் தெரியறதுன்னு அர்த்தம்.

கார்த்தி: ஸ்னியர், ஃப்ளவுட் ரெண்டும் இதே மாதிரி மாறினதா பெரியப்பா?

பெரியப்பா: ஆமாடா, நிறையப் பேர் தவறுற இடம். ஸ்னியர் முதல்ல குதிரை மூக்கால சீறுறது. உதட்டைச் சுழிக்கிற ஏளனச் சிரிப்பு 17-ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியிலதான். பழைய பிரதியில அந்தச் சொல்லைப் பார்த்ததும் உதட்டுக்குப் போயிடக் கூடாது. வரலாற்று அகராதியில முதல்ல ஆண்டைப் பாரு, அந்த ஆண்டுக்கு எந்த அர்த்தம் நடப்புல இருந்துச்சுன்னு பாரு, அப்புறம்தான் தமிழ்ச்சொல்.

வசந்தி சித்தி: ஃப்ளவுட் அனேகமா புல்லாங்குழல் ஊதுறதுல இருந்து வந்தது. டச்சு மொழியிலயும் ஊதுறதுக்கான சொல்லே கேலிக்கும் இருந்துச்சு. ஷேக்ஸ்பியர்கிட்ட அது கேலி பண்றது. இன்னைக்கு விதியை மதிக்காம மீறுறது. அதை ஃப்ளாண்ட்னு மாத்தி எழுதிட்டா பகட்டிக் காட்டுறதுன்னு ஆயிடும். செய்தித்தாள்லயே இந்தத் தப்பு வருது.

நிலா: இப்போ பாருங்க: ‘அந்த இளிப்பையும் குத்தலையும் அப்பட்டமான ஏளனங்களையும் கவனி. முகத்தில் ஓரிடம் விடாமல் குடியிருக்கின்றன.’

வசந்தி சித்தி: நல்லா இருக்கு. ‘ஏளனங்கள்’ தமிழ்ல கொஞ்சம் இடறினாலும் விட்டுடு, அந்தப் பன்மை தேவை.

பெரியப்பா: ‘கவனி’யை மட்டும் மாத்தும்மா. இயாகோ கீழே வேலை பார்க்கிறவன், தளபதிகிட்ட பேசறான். ‘கவனியுங்கள்’.