புதுப்பிப்பு: வால் சக்கரம் மாட்டியாச்சு

வீட்டில் கட்டிவரும் இருவர் விமானத்துக்குக் காற்றடைத்த பெரிய வால் சக்கரமா, கெட்டி ரப்பர் போட்ட சின்னதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சின்னதையே மாட்டிவிட்டேன்.

முடிவு செய்தது கணக்குதான். வெற்று எடை 300 கிலோ. வால் சக்கரம் ஈர்ப்பு மையத்துக்கு, அதாவது விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளிக்கு, 3.6 மீட்டர் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு கிலோ கூடினால் ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் பின்னுக்குப் போகும்; அது பின்னுக்குப் போகப்போக விமானம் நிலையாகப் பறக்காது. பெரியது ஒன்றரை கிலோ கூடுதல். புல்தரையில் அது சொகுசாக உருளும், மறுக்கவில்லை. நான் ஓடப்போவது பெரும்பாலும் தார்த்தளத்தில்.

அப்புறம் நடுக்கம். கொஞ்சம் வேகமாக டாக்ஸி செய்ததும் (தரையில் ஓட்டியதும்) வால் கடகடவென்று ஆடி, பெடல் வரை அதிர்ந்தது. சக்கரத்தைத்தான் திட்டினேன், பாவம். குற்றவாளி லீஃப் ஸ்பிரிங், அதாவது வால் சக்கரத்தைத் தாங்கும் வளைந்த தகட்டு வில். காலி விமானத்தில் அளந்தபோது சரியாக இருந்த சுழல் அச்சு (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு), இரண்டு பேர் உட்கார்ந்து டேங்கும் நிரம்பியதும் மேல்முனை முன்பக்கம் சாய்ந்துவிட்டது. வளைவு தட்டையானால் அப்படித்தான் ஆகும். ஸ்பிரிங்குக்கும் சக்கரத் தாங்கிக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு ஒன்றைச் செருகி, முழுச் சுமையிலும் மேல்முனை லேசாகப் பின்னால் சாயும்படி வைத்தேன். ஆட்டம் நின்றது.

ஒரு பக்க பிரேக்கை அழுத்தினால், வால் சக்கரத்தைச் சுக்கானோடு சேர்த்துத் திரும்ப வைக்கும் பூட்டு விடுபட்டு, நின்ற இடத்திலேயே திரும்ப முடிகிறது. சுக்கானிலிருந்து (வாலில் உள்ள திருப்பும் பலகையிலிருந்து) சக்கரத்துக்கு வரும் சங்கிலிகளை எவ்வளவு தொய்வாக விடுவது என்பதில்தான் இன்னும் மனம் நிலைக்கவில்லை.